மட்டாஞ்சேரிக்கு வராத ரயில்

ரயில்வே நிலையப் பட்டியலில் மட்டாஞ்சேரி என்ற பெயர் உண்டு. மட்டாஞ்சேரியில்தான் ரயில் கிடையாது. எந்தக் காலத்திலும் வந்ததில்லை. எர்ணாகுளம் சந்திப்பிலிருந்து கொச்சித் துறைமுக முனையத்துக்குப் போகும் ஏழெட்டுக் கிலோமீட்டர் கிளைப் பாதையில் 'மட்டாஞ்சேரி ஹால்ட்' என்று ஒரு சின்ன நிறுத்தம் எழுதப்பட்டிருக்கிறது. அது காயலுக்கு இந்தப் பக்கம். மட்டாஞ்சேரி அந்தப் பக்கம். நடுவில் கப்பல் போகும் தண்ணீர்.

கொச்சியைப் பார்க்காதவர்களுக்கு ஊரின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிழக்கே எர்ணாகுளம். மேற்கே கடலை ஒட்டிக் கோட்டைக் கொச்சியும் மட்டாஞ்சேரியும். இரண்டுக்கும் நடுவே வேம்பநாட்டுக் காயல், அதில் வில்லிங்டன் தீவு. பணம் புழங்கிய இடம் மேற்குக் கரை. மிளகும் ஏலமும் சுக்கும் குவிந்த பண்டகசாலைகள் மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் இருந்தன. குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள், யூதர்கள், தமிழர்கள் எல்லாரும் அங்கே வந்து சேர்ந்தது அந்த வாசனையைத் தேடித்தான். ஆட்சியும் இரண்டாகக் கிடந்தது. மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் ஊர். அடுத்த தெருவில் தொடங்கும் கோட்டைக் கொச்சி, வெள்ளைக்காரர்களின் மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்தது. மலபார் மாவட்டத்தின் ஒரு துண்டாக 1956 வரை சென்னையின் கணக்கிலேயே இருந்தது.

இந்த வணிகத்தைப் பிடிக்கத்தான் ரயில் கிளம்பியது. மதராஸ் ரயில்வேயின் பாதை 1860களிலேயே பாலக்காடு கணவாயைத் தாண்டி, ஷொரணூர் வழியாக மலபார் கடற்கரையைத் தொட்டுவிட்டது. கொச்சிக்கு மட்டும் வரவில்லை. 1895இல் அரியணை ஏறிய ராமவர்மா (பிற்காலத்தில் ராஜரிஷி என்று அழைக்கப்பட்டவர்) ஷொரணூரிலிருந்து தன் சமஸ்தானத்துக்குள் ஒரு பாதை போட முடிவு செய்தார். அப்போது திவானாக இருந்தவர் ஒரு தமிழர்: பி. ராஜகோபாலாச்சாரி. பின்னாளில் திருவிதாங்கூரின் திவானாகவும், 1920இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் முதல் தலைவராகவும் ஆனவர். திட்டம் இருந்தது, கஜானாவில் போதிய பணம் இல்லை. திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்கள் பதினைந்தில் ஒன்றை வைத்துக்கொண்டு பதினான்கை மன்னர் விற்றார் என்பது இந்த ஊர் இன்றும் பெருமையோடு சொல்லும் வரலாறு. சாமி சொத்தைத் தண்டவாளமாக மாற்றத் துணிந்த ராஜாவை நம் சமஸ்தானச் சரித்திரங்களில் அதிகம் பார்க்க முடியாது.

1902இல் வண்டி எர்ணாகுளம் வந்தது. சுமார் நூறு கிலோமீட்டர் பாதை, காயல் கரைக்குப் பக்கத்தில் முடிந்தது. இன்றைய உயர் நீதிமன்றத்துக்குப் பின்புறம் இருக்கும் அந்த இடம்தான் எர்ணாகுளத்தின் முதல் ரயில் நிலையம். ரயிலில் வந்த சரக்கு அங்கே இறங்கி, வள்ளங்களில் ஏறி, மட்டாஞ்சேரிக்குப் போனது. ஏற்றுமதிச் சரக்கு அதே வழியில் திரும்பியது. ரயில் பாதியும் துடுப்பு மீதியுமாகப் பயணம் முடிந்தது. 1925 மார்ச்சில் வைக்கம் சத்தியாக்கிரகத்துக்காக வந்த காந்தியும் எர்ணாகுளம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து படகில்தான் போனார். அதற்கு முந்தைய வருடம் அதே வைக்கத்தில் சிறை சென்றவர் பெரியார் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை.

ராஜாவின் ரயிலில் ஒரு குறை இருந்தது. மதராஸ் பாதை அகலப்பாதை. கொச்சிப் பாதை மீட்டர்பாதை. ஷொரணூரில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி மறு வண்டியில் ஏற்ற வேண்டும். எர்ணாகுளத்தில் மறுபடி இறக்கி வள்ளத்தில் ஏற்ற வேண்டும். மட்டாஞ்சேரியில் வள்ளத்திலிருந்து இறக்கிக் கிட்டங்கியில் அடுக்க வேண்டும். கப்பல்களோ துறைமுக வாயிலில் இருந்த மணல் திட்டைத் தாண்ட முடியாமல் வெளிக்கடலில் நின்றன. அங்கேயும் படகில்தான் சரக்குப் போக வேண்டும். கொச்சித் துறைமுகத்தின் மொத்த வணிகமும் சுமைதூக்கிகளின் முதுகில் நடந்தது.

இந்த நிலையை மாற்ற மதராஸ் அரசு 1920இல் அனுப்பிவைத்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ. அவர் வாயில் மணல் திட்டை வெட்டினார். 'லார்ட் வில்லிங்டன்' என்ற தூர்வாரும் கப்பல் இரவு பகலாக மண்ணை அள்ளியது. 1928 மே 26ஆம் தேதி பம்பாயிலிருந்து வந்த 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. அள்ளிய மண்ணை என்ன செய்வது? பழைய வெண்டுருத்தித் தீவை ஒட்டிக் காயலிலேயே கொட்டினார்கள். சுமார் 780 ஏக்கர் புது நிலம் எழுந்தது. மதராஸ் கவர்னராக இருந்தவரின் பெயரால் அது வில்லிங்டன் தீவு ஆயிற்று. கடலிலிருந்து எடுத்த சேற்றின் மேல் ஒரு துறைமுகம், ஓர் ஓட்டல், ஒரு விமானத் தளம், ஒரு ரயில் நிலையம் எல்லாம் உட்கார்ந்தன.

1930களில் ஷொரணூர் பாதை அகலப்பாதையானது. எர்ணாகுளத்தில் தெற்கே புதிய சந்திப்பு நிலையம் எழுந்தது. அங்கிருந்து ஒரு கிளை வெண்டுருத்திப் பாலத்தின் மேலே காயலைக் கடந்து தீவுக்குப் போனது. 1940களின் தொடக்கத்தில், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, கொச்சித் துறைமுக முனையம் செயலுக்கு வந்தது. கப்பல் பக்கத்திலேயே ரயில். மூட்டைகளின் அலைச்சல் பெரும்பாலும் தீர்ந்தது.

மட்டாஞ்சேரிக்கு மட்டும் தீரவில்லை. தீவிலிருந்து மேற்கே தோப்பும்படிக்குப் போட்ட பாலம் சாலைக்கானது. தண்டவாளம் தீவோடு நின்றது. மேற்குக் கரையின் வணிகத்துக்காக மேற்கு நோக்கிப் புறப்பட்ட பாதை, ராஜா காலத்தில் எர்ணாகுளக் கரையில் ஒரு முறையும் பிரிஸ்டோ காலத்தில் தீவின் விளிம்பில் ஒரு முறையும் நின்றுபோனது. இரண்டாவது முறை கிடைத்த ஆறுதல் பரிசுதான் 'மட்டாஞ்சேரி ஹால்ட்' என்ற பெயர்ப் பலகை.

ஆனாலும் முனையம் அறுபது ஆண்டுகள் ஜமாய்த்தது. பெங்களூரிலிருந்து வந்த 'ஐலண்ட் எக்ஸ்பிரஸ்' இங்கேதான் வந்து நின்றது. அந்த வண்டிக்கு எந்தத் தீவின் பெயர் என்று இன்று கன்னியாகுமரிக்கு அதில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1988 ஜூலை 8ஆம் தேதி பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்த வண்டியும் இதுதான். அப்போதே அது தீவை விட்டுப் போய்விட்டது. பெயர் மட்டும் கூடவே போயிருந்தது. நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமான வண்டி 'டீ கார்டன் எக்ஸ்பிரஸ்'. திருச்சிக்கும் கொச்சிக்கும் ஓடியது. நீலகிரி, ஆனைமலைத் தேயிலை ஏலத்துக்கு வந்த ஊர் கொச்சி; தீவில் 1947இல் தேயிலை ஏலம் தொடங்கியது. அந்த வண்டி பிறகு நாகூருக்கும் காரைக்காலுக்கும் நீண்டது. கிழக்கு முனையில் கடல்வரை வளர்ந்த வண்டி, மேற்கு முனையில் எர்ணாகுளத்தோடு குறுகிப்போனது.

ரயில் கொண்டுவந்து சேர்த்த தமிழர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். தீவின் கிழக்கு ஓரத்தில், தண்டவாளத்தை ஒட்டி வாத்துருத்தி என்ற குடியிருப்பு. துறைமுக வேலைக்கும் கட்டட வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தலைமுறைகளாக நெருக்கியடித்து வாழும் இடம். கேரளத்துக்கு வடக்கத்தித் தொழிலாளர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே சித்தாளும் கொத்தனாரும் சுமைதூக்கியும் இங்கிருந்துதான் காலையில் கிளம்பினார்கள். கொச்சியின் உயர்ந்த கட்டடங்கள் பலவற்றுக்கு அஸ்திவாரம் தோண்டியவர்கள் இவர்கள். எர்ணாகுளத்துக்காரர்களுக்கோ வாத்துருத்தி என்றால் முதலில் நினைவுக்கு வருவது லெவல் கிராசிங்.

தீவின் வீழ்ச்சி படிப்படியாக நடந்தது. 1999இல் நெடும்பாசேரியில் புது விமான நிலையம் திறந்தது. தீவில் கடற்படைத் தளத்திலிருந்து நடந்துவந்த பயணிகள் விமானப் போக்குவரத்து அங்கே போய்விட்டது. 2004இல் வெண்டுருத்தி ரயில் பாலம் சேதமடைந்ததைத் தொடர்ந்து பயணிகள் ரயில் நின்றது. 2011 பிப்ரவரியில் வல்லார்பாடம் தீவில் சர்வதேசக் கன்டெய்னர் முனையம் திறந்தது; தீவில் இறங்கிய பெட்டகங்கள் அங்கே போயின. அதற்காகக் காயலின் மேல் நாலரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் ஒரு ரயில் பாலமே கட்டினார்கள். சரக்குக்கு அத்தனை நீளப் பாலம் போட முடிந்த நாட்டில், மட்டாஞ்சேரி என்ற பெயரை மட்டாஞ்சேரிக்குக் கொண்டு சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ராஜாவின் பழைய நிலையத்தின் கதை இதற்கு முன்பே முடிந்துவிட்டது. தெற்குச் சந்திப்பு வந்ததும் அது ஒரு முட்டுச் சந்து ஆனது. கோட்டயம் பாதை 1956இல் திறந்தபோது வண்டிகள் அந்தப் பக்கமே ஓட ஆரம்பித்தன. 1960களில் பயணிகள் வரத்து நின்று, சில பத்தாண்டுகள் சரக்கு மட்டும் வந்து, பிறகு அதுவும் ஓய்ந்தது. ராஜரிஷி பறம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்கு மரம் கொண்டுவரப் போட்ட டிராம் பாதையும் 1963இல் மூடப்பட்டுவிட்டது. யானை நெற்றியிலிருந்து வந்த தங்கம் முடிந்த இடத்தில் இன்று செடி கொடி மண்டிக் கிடக்கிறது.

கைவிட்ட நிலையம் என்றால் தமிழர்களுக்குத் தனுஷ்கோடிதான் ஞாபகம் வரும். சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து, கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிய காலம் 1914இல் தொடங்கியது. 1964 டிசம்பரில் ஒரே இரவில் புயல் அதை முடித்துவைத்தது. கொச்சி முனையமும் ரயிலும் தண்ணீரும் கைகோத்த இடம்தான். ஆனால் இங்கே புயல் எதுவும் அடிக்கவில்லை. ஒவ்வொரு முடிவும் அதனதன் அளவில் நியாயமானது. விமான நிலையம் பெரிதாக வேண்டியிருந்தது, பெட்டகக் கப்பலுக்கு ஆழமும் இடமும் வேண்டியிருந்தது, சேதமான பாலத்தில் வண்டி விட முடியாது. நியாயமான முடிவுகள் சேர்ந்து ஒரு நிலையத்தைக் கொன்றால், அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடிவதில்லை. ஆகவே யாரும் துக்கமும் காப்பதில்லை.

இந்த விஷயத்தில் ஆங்கிலேயர்கள் வேறு மாதிரி. 1963இல் பீச்சிங் என்பவர் தந்த அறிக்கை பிரிட்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை மூடச் சொன்னது. கிராமங்கள் கொதித்தன. பெரும்பாலானவை மூடப்பட்டன, சில வீடுகளாயின. சில பாதைகளை ஊர்க்காரர்களே வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் நீராவி வண்டி ஓட்டினார்கள். குளோஸ்டர்ஷயரில் ஆடில்ஸ்ட்ராப் என்று ஒரு குக்கிராமம். 1914 ஜூனில் அந்த நிலையத்தில் சற்று நேரம் நின்ற வண்டியில் இருந்தவர் எட்வர்ட் தாமஸ். அவர் அதைப் பற்றி எழுதிய சிறு கவிதை, அவர் போர்முனையில் இறந்த 1917இல் வெளியாகி, ஆங்கிலேயர்கள் பள்ளியிலேயே படிக்கும் கவிதைகளில் ஒன்றாகிவிட்டது. நிலையம் 1966இல் மூடப்பட்டது. கட்டடம் போய்விட்டது. பெயர்ப் பலகையை மட்டும் ஊர்க்காரர்கள் எடுத்து வந்து, தங்கள் பஸ் நிழற்குடையில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்தக் கவிதை ஒரு தலைவலி. அதில் நடப்பது ஒன்றுமில்லை. ஓர் ஊர்ப் பெயரைச் சுற்றியே எல்லாம் நிற்கிறது. ஊர்ப் பெயரை மொழிபெயர்க்க முடியாது. ஆனால் கொச்சியில் இருந்துகொண்டு படித்தால் கொஞ்சம் புரிகிறது. இங்கேயும் மிஞ்சியது பெயர்கள்தான். தீவின் படகுத்துறைக்குப் பெயர் 'டெர்மினஸ்'. ரயில் நின்ற பிறகும் படகுக்காரர்கள் அந்தப் பெயரை விடவில்லை. 'டெர்மினஸ்' என்பது ரோமானியர்களின் எல்லைச் சாமியின் பெயர். நாம் 'முனையம்' என்று எழுதுகிறோம். நிலம் முடிந்து தண்ணீர் தொடங்கும் இடத்துக்கு முனை என்ற சொல் நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் ஆடில்ஸ்ட்ராப்பைப் போலப் பலகையைக் கழற்றி மாட்டிவிட்டு ஆறுதல் அடைந்தால் போதுமா என்பதுதான் என் கேள்வி. அந்தக் கிராமத்துக்கு இனி ரயில் வர அவசியம் இல்லாமல் இருக்கலாம். நெரிசலில் திணறும் கொச்சிக்கு அவசியம் இருக்கிறது.

முயற்சி நடக்காமல் இல்லை. 2018 செப்டம்பரில் எர்ணாகுளம் சந்திப்பிலிருந்து முனையத்துக்கு டெமு வண்டி விட்டார்கள். கொடி அசைத்தார்கள், மாலை போட்டார்கள். சில வாரங்களில், ஆள் ஏறவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். 2019 பிப்ரவரியில் அதே பாதையில் ஒரு நீராவி வண்டி ஓடியது. 1855இல் இங்கிலாந்தில் செய்து, நம் பெரம்பூர் பணிமனையில் புத்துயிர் பெற்ற இ.ஐ.ஆர். 21 என்ஜின் அது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் எடுத்த முடிவு: கொச்சிக்காரர்களுக்குப் பழைய ரயிலை வேடிக்கை பார்க்கப் பிடிக்கும், தினம் ஏறப் பிடிக்காது, ஆகவே முனையத்தை அருங்காட்சியகம் ஆக்குங்கள்.

எனக்கு இந்த முடிவில் உடன்பாடில்லை. டெமு ஓடியது, ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளம் மூழ்கி எழுந்து, சுற்றுலாப் பயணிகள் வராமல் ஊர் வெறிச்சோடியிருந்த மாதத்தில். அதைவிட முக்கியம், வண்டி பயணியை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது. தீவுக்குள் யாருக்கும் பெரிய வேலை இல்லை. வேலை இருப்பது மட்டாஞ்சேரியில், கோட்டைக் கொச்சியில், தோப்பும்படியில். 1902இல் ராஜாவின் நிலையம் பிழைத்ததற்குக் காரணம், வண்டி நின்ற இடத்தில் வள்ளம் காத்திருந்தது. பிரிஸ்டோவின் முனையம் பிழைத்ததற்குக் காரணம், வண்டி நின்ற இடத்தில் கப்பல் காத்திருந்தது. 2018இன் வண்டிக்காக ஒரு படகு நேரம் பார்த்துக் காத்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அதைச் செய்து பார்க்காமல் 'ஆள் இல்லை' என்று தீர்ப்பு எழுதியது அவசரம் என்று மட்டும் சொல்வேன்.

இப்போது அந்தச் சாக்கும் குறைந்துவிட்டது. 2023 ஏப்ரலில் கொச்சியில் நீர் மெட்ரோ தொடங்கியது. மின்சாரத்தில் ஓடும், குளிரூட்டிய படகுகள். 2025 அக்டோபரில் வில்லிங்டன் தீவுக்கும் மட்டாஞ்சேரிக்கும் அதன் நிறுத்தங்கள் திறக்கப்பட்டன. தண்டவாளம் தீவில் கிடக்கிறது, படகு தீவுக்கு வருகிறது. நூற்றிருபது வருடங்களாக மட்டாஞ்சேரிக்காரனுக்கு ரயில் என்றால் ஒரு நீர்வழியும் சேர்ந்துதான் பொருள். பாலம் கேட்டு அவன் மனுக் கொடுக்க வேண்டாம். ரயிலின் நேரத்தையும் படகின் நேரத்தையும் ஒரே காகிதத்தில் எழுதச் சொல்லிக் கேட்டால் போதும். ரயில்வே மத்திய அரசுடையது, துறைமுக நிலம் துறைமுக ஆணையத்துடையது, படகு மாநிலத்தின் கையில். ஒரே காகிதம் என்பது சொல்வதற்கு எளிது என்று எனக்கும் தெரியும். மன்னரும் மதராஸும் வெள்ளைக்காரப் பொறியாளரும் அதைவிடக் கடினமான ஒப்பந்தங்களைப் போட்டிருக்கிறார்கள்.

பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும்தான். உயர் நீதிமன்றத்துக்குப் பின்னால் கிடக்கும் ராஜாவின் நிலையம் நகரின் நடுவில், விலை சொல்ல முடியாத மண்ணில் இருக்கிறது. அங்கே அடுக்குமாடி எழுவதற்குள் காந்தி இறங்கிய ஊர் வாசலை வேலி போட்டாவது வைத்துக்கொள்ளட்டும். அங்கே அருங்காட்சியகம் பொருத்தம். சுற்றிலும் நகரம் வளர்ந்துவிட்டது, ரயில் திரும்பி வர வழியில்லை. தீவு முனையத்தின் நிலை அது இல்லை. அதற்குக் கண்ணாடிப் பெட்டியும் விளக்கப் பலகையும் வைத்தால், உயிர் இருக்கும்போதே படத்துக்கு மாலை போட்டதாகும்.

வாத்துருத்தியில் காலை ஐந்து மணிக்கு எழுந்து, தூக்குவாளியோடு மெயின் ரோட்டுக்கு நடந்து, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களின் வீட்டு வாசலை ஒட்டித்தான் அந்தத் தண்டவாளம் போகிறது. அவர்களுடைய பாட்டன்களை அழைத்து வந்த பாதை அது. அதில் காலையில் ஒரு வண்டியும் மாலையில் ஒரு வண்டியும், அக்கரையில் ஒரு படகும் நேரத்துக்கு வந்தால், 'மட்டாஞ்சேரி ஹால்ட்' என்ற பெயரில் இருக்கும் பொய்யைக்கூட நாம் மன்னித்துவிடலாம்.